புல்மேட்டில் டென்ட் போடலாமா? சின்ன காரில் ஏற முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். டிசம்பர் கடைசி வாரம். நண்பர்கள் மூன்று பேர், கூடவே ஒருவருடைய அப்பா, அவருக்கு 64 வயது. ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார், புதிதாக வாங்கிய டென்ட். கேரள எல்லையில் கொழுக்குமலை, மீசைப்புலிமலைப் பக்கம் புல்மேட்டில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். ஒரு வீடியோவில் கார் புல்லின் மேல் நிற்கிறது, பக்கத்தில் டென்ட், கீழே மேகக் கடல். அந்த இடம் எது, உங்கள் கார் ஏறுமா, அனுமதி வேண்டுமா, கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு மேப்பில் தெரிகிற குறுக்குவழி திறந்திருக்கிறதா என்று நான்கு கேள்விகள். நான்கையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான்: யாரும் வந்து கேட்காத இடம் எது? உங்களைக் குறை சொல்லவில்லை. சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் இருந்த காலத்தில் வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

நான் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா, அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு 19 வருஷம் ஜீப் ஓட்டினேன். முதுகு ஒத்துழைக்கவில்லை என்று இப்போது போடியில் இருக்கிறேன். ரோடு, வண்டி, குளிர், யானை இவற்றைப் பற்றி நான் சொல்வது பார்த்துப் பழகியது. சட்டம் நான் படித்ததில்லை. செக்போஸ்ட்டில் நின்று தெரிந்துகொண்ட அளவுதான். கட்டணம், நேரம் எல்லாம் சீசனுக்குச் சீசன் மாறுகிற சங்கதி என்பதால் அந்த எண்களை இங்கே எழுதப் போவதில்லை. நேற்றைய ரேட்டை இன்றைக்குச் சொல்லி உங்களை ஸ்டாண்டில் சண்டை போட வைப்பானேன்?

முதலில் உறுதியான ஒன்று. அந்த மலையில் காலி நிலம் என்று ஒன்று கிடையாது. மரம் இல்லை, வேலி இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை புல்தான் என்றதும் புறம்போக்கு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் கால் வைக்கிற ஒவ்வொரு அடியும் ஒன்று காட்டு இலாகாவுடையது, இல்லையென்றால் எஸ்டேட்டுடையது, அதுவும் இல்லையென்றால் யாரோ ஒருவரின் பட்டா. போதாக்குறைக்கு மாநில எல்லை வேறு. கொழுக்குமலை எஸ்டேட் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி போகிற ஒரே ரோடோ கேரளாவில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து வேறொரு தோட்டத்துக்குள் புகுந்து வருகிறது. மேட்டின் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் குரங்கணியும் போடியும் கீழே. மேற்கே பார்த்தால் சின்னக்கானல். நடுவில் எல்லைக் கோடு புல்லில் வரைந்தா வைத்திருக்கிறார்கள்? பத்தடி நகர்ந்தால் வேறு மாநிலம், வேறு ரேஞ்சர், வேறு சட்டம். தமிழ்நாட்டுப் பக்கம் 2018க்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. காட்டுக்குள் முன்அனுமதி இல்லாமல் நடப்பதே தவறு. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் பொது. அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றம், காட்டுக்கு ஆபத்து வருகிற மாதிரி நெருப்பு மூட்டுவதும் குற்றம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சொந்த டென்டை எடுத்துப்போய் இஷ்டப்பட்ட புல்மேட்டில் அடித்துத் தங்க எந்தப் பக்கமும் வழி இல்லை. வீடியோவில் பார்த்த இடம் ஒன்று தனியார் தோட்டத்துக்குள் காசு கொடுத்துத் தங்கியதாக இருக்கும், இல்லை திருட்டுத்தனமாக எடுத்ததாக இருக்கும். இடத்தின் பெயரைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றால் எதற்காக என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"யாரும் பார்க்காவிட்டால்?" என்று கேட்பீர்கள். அதற்கு என் கதையையே சொல்கிறேன், பெருமைப்படுகிற கதை இல்லை. ஜீப் ஓட்ட ஆரம்பித்த புதிதில் நாலு பையன்களை ஏற்றிப்போய், அவர்கள் கெஞ்சினார்கள் என்று, கூடக் கொஞ்சம் காசு தந்தார்கள் என்றும்தான், ஒரு மேட்டடியில் ராத்திரி தங்க விட்டுவிட்டு வந்தேன். பிப்ரவரி மாதம். காலையில் ஆறு மணிக்குக் கூப்பிடப் போனால் தூரத்திலேயே புகை. பையன்கள் ராத்திரி மூட்டிய நெருப்பை அணைத்துவிட்டுத்தான் படுத்தார்களாம், பொய் சொல்லவில்லை. மேலே சாம்பல், அடியில் புல்லின் தூர் கங்காக உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்திருக்கிறது. விடியற்காலையில் காற்று எழுந்ததும் பற்றிக்கொண்டது. நல்லவேளை, கீழ்ப்பக்கம் பாறை. சோலை ஓரத்தில் பச்சைக் கிளையை ஒடித்து ஐந்து பேரும் அரை மணி நேரம் அடித்தோம். புல் நெருப்பை அடிப்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது. கிளையை ஓங்கி வீசினால் பொறி பறந்து பின்னால் போய் விழும். அமுக்கி இழுக்க வேண்டும், துணி துவைக்கிறவர் கல்லில் தேய்க்கிற மாதிரி. என் புருவம் கருகிப்போனது. வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்தார். அன்றோடு காசுக்காக யாரையும் மேட்டில் விட்டு வருவதை நிறுத்தினேன்.

அதற்குப் பல வருஷம் கழித்து, 2018 மார்ச் 11ஆம் தேதி, குரங்கணித் தீ. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொன்று. முதல் நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, ஞாயிற்றுக்கிழமை திரும்பி இறங்கும்போது சரிவில் நெருப்புக்குள் மாட்டிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் புல் சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகம் ஆளின் வேகத்தைவிட அதிகம் என்பதில் சந்தேகமே வேண்டாம். சூடு மேலே ஏறி முன்னால் இருக்கும் புல்லைக் காய வைத்துக்கொண்டே வரும். மேல்நோக்கி ஓடினால் அது பிடித்துவிடும். ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், பாறை, ஓடை, பக்கவாட்டு, இவைதான் தப்பிக்கிற வழி. டிசம்பரில் புல் பெரும்பாலும் ஈரமாக இருக்கும், ஜனவரிப் பாதியிலிருந்து காய ஆரம்பிக்கும். அதனால் உங்கள் தேதியில் அந்தப் பயம் குறைவு என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த மலையில் ஒவ்வொரு ரேஞ்சரும் ஒவ்வொரு ஜீப்காரரும் டென்டைப் பார்க்கிறபோது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைக்கிறார்கள். கெடுபிடி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் செக்போஸ்ட்டில் வாக்குவாதம் பண்ணத் தோன்றாது.

வீடியோவில் புல்லின் மேல் நின்ற அந்தக் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்பது யாரும் மரம் வெட்டி உண்டான அமைப்பு இல்லை, ஆதியிலிருந்தே அப்படித்தான். அப்படி இருப்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். முக்கியமானது உறைபனி. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் திறந்த வெளியில் விழுகிற உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் மட்டும் தூரிலிருந்து திரும்பத் தளிர்க்கும். மழைத் தண்ணீரை அந்தப் புல்லும் அதன் அடி மண்ணும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகின்றன. கொட்டகுடி ஆறு இந்தச் சரிவுகளிலிருந்துதான் இறங்கி, போடியைத் தாண்டி வைகையில் சேர்கிறது. மேலே மண் கெட்டால் கீழே ஆறு கெடும். ஈரப் புல்லில் ஒரே தடத்தில் நாலு வண்டி போனால் போதும், அது அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகும், இரண்டு மழைக்கு ஓடை ஆகும். நான் ஓட்டிய ரோட்டுப் பக்கத்திலேயே அப்படி ஒரு குறுக்குத் தடம் உண்டு. முதலில் பார்த்தபோது கணுக்கால் ஆழம், நான் விட்டு வருகிறபோது இடுப்பு ஆழம். குறிஞ்சியும் இந்த மேடுகளில்தான். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் வருகிறவர்களுக்கு அது வெறும் புதர் மாதிரி தெரியும், அதன் மேலேயே டென்ட் ஆணியை அடிப்பார்கள்.

சரி, ரோட்டுக்கு வருவோம். மேப்பில் தெரிகிற கொடைக்கானல்–மூணாறு வழியை மறந்துவிடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜப்பான்காரன் வந்துவிட்டால் கொடைக்கானலிலிருந்து கொச்சிப் பக்கம் தப்பிப் போகலாம் என்று சீர்படுத்தி வைத்த ரோடு அது. பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷன் பக்கம் வந்து சேரும். 1990 வாக்கில் மூடியது, திறக்கவில்லை. பேரிஜம் வரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு அப்பால் விடமாட்டார்கள். நீங்கள் வர வேண்டியது வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு வழிதான். டாப் ஸ்டேஷன் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்தப் பெயரைக் கேட்டுப் பலர் பஸ் ஸ்டேஷன் என்று நினைக்கிறார்கள். அது ரயில் நின்ற இடம். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908இல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். தேயிலை மூட்டை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிப் பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இப்போது நின்று பார்த்தால் மேகமும், கடையில் விற்கிற வேகவைத்த சோளமும்தான்.

போடிமெட்டு வரை உங்கள் காருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. முந்தலில் ஆரம்பித்து 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் இழுவை குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு போகும். நாலு பேர், டென்ட், சாமான் என்று ஏற்றிய சின்ன வண்டி இரண்டாவது கியரில் முனகும். பயப்பட வேண்டாம், ஏசியை அணைத்துவிட்டு முதல் கியருக்கு மாற்றுங்கள். உண்மையான சோதனை இறங்கும்போதுதான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் புகை வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தடவை மதுரைப் பதிவெண் கார் ஒன்று வளைவில் ஓரங்கட்டி நிற்கிறது, முன் சக்கரத்தில் புகை, ஓட்டியவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கின் மேல் ஊற்றப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சிவக்கச் சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் விட்டால் டிஸ்க் வளையும், வெடிக்கவும் செய்யலாம். அரை மணி நேரம் சும்மா நிறுத்தினால் போதும், ஆனால் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டி-யிலேயே விடாமல் கீழ்க் கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மின்சாரக் கார் கொண்டு வருகிறவர்கள் மூணாறில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் பிரேக் பிடிக்காது, பாரம் முழுக்க டிஸ்க்கின் மேல் விழும்.

போடிமெட்டிலிருந்து பூப்பாறை, ஆனையிறங்கல் அணை தாண்டி சின்னக்கானல் பக்கம் திரும்பினால் சூரியநெல்லி. உங்கள் கார் அதோடு நிற்கட்டும். கொழுக்குமலை ஏறுகிற ரோட்டில் சொந்த வண்டியை விடமாட்டார்கள். விட்டாலும் நீங்கள் போகக் கூடாது. அதை ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தேயிலைக்குள் கொஞ்ச தூரம் மண், அப்புறம் முழுக்க உருண்டைக் கல்லும் பாறைப் படியும். முன் சக்கரத்து ஹப்பைப் பூட்டி, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் விட்டால் வண்டி தானாக ஏறும், டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தும் பிடிக்காமலும் வைத்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கல்லில் சக்கரம் அடிக்கிற அடிக்கு ஸ்டீயரிங் திரும்பிக் கட்டைவிரலை உடைத்துவிடும். சூரிய உதயம் பார்க்க நாலு, நாலரை மணிக்கே ஜீப்புகள் கிளம்பும், மேலே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசம்பர் கடைசி வாரம் என்றால் ஜீப் வரிசை மலை முழுக்க விளக்குச் சரம் போட்ட மாதிரி இருக்கும். தனிமை தேடி வருகிறவர்கள் அந்த வாரம் வருவதுதான் எனக்குப் புரியவே இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். வானம் தெளிவு, கூட்டம் பாதி.

குளிர் பற்றி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். போடியிலிருந்து கொழுக்குமலை சுமார் 2,000 மீட்டர் மேலே. ஆக போடியில் ராத்திரி 20 டிகிரி என்றால் மேலே ஏழுக்குப் பக்கம். மேகமில்லாத ராத்திரியில் தரை அதையும்விடக் குளிரும். மூணாறு சுற்றுவட்டாரத்தில் செண்டுவரை, குண்டளை மாதிரி இடங்களில் ஜனவரியில் பூஜ்யத்தைத் தொடும், சில வருஷம் கீழேயும் போகும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் எந்த முகாமிலும் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குழிவான இடத்தை எடுக்காதீர்கள், உச்சியும் வேண்டாம், அங்கே காற்று டென்டைக் கிழிக்கும். சரிவில் கொஞ்சம் ஏறி, பாறை மறைவாக இருக்கும் இடம் நல்லது. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். எத்தனை கம்பளி போர்த்தினாலும் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி ஜீன்ஸ், பருத்திப் பனியன் நனைந்தால் காயவே காயாது, ஈரத்தோடு காற்று பட்டால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். படுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸைத் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது சாக்ஸாக இருந்தாலும் சந்தோஷம்.

இல்லை, அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பையோ, கேஸ் ஸ்டவ்வையோ, அணைந்துகொண்டிருக்கும் கங்குச் சட்டியையோ டென்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்கவே மாட்டீர்கள். காரை ஸ்டார்ட்டில் விட்டு ஹீட்டர் போட்டு உள்ளே தூங்குவதும் இதே கணக்கில்தான் வரும். சமையல் டென்டுக்கு வெளியே, அதுவும் முகாமில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி கொதிக்கும், ஆனால் வேகாது. குக்கர் கொண்டு போங்கள். அது இல்லையென்றால் அவல், ரொட்டி, ரவை உப்புமாவோடு முடித்துக்கொள்ளுங்கள். கடலைப்பருப்பு வேக வைக்கப் பார்த்த ஒரு குழு ராத்திரி ஒன்பதரைக்கு அதைக் கடித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

யானை. சின்னக்கானல், சூரியநெல்லி, ஆனையிறங்கல் எல்லாமே யானை நடமாடுகிற இடம், அணையின் பெயரே சொல்கிறதே. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று அரிக்கொம்பன் என்று பெயர் வாங்கியவனை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி சின்னக்கானலில்தான் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அவன் கம்பம் ஊருக்குள் இறங்கினான், ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை திரும்பப் பிடித்துத் திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. அவன் போனாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். உப்பு, அரிசி, வாழைப்பழம், பலா வாசனைக்கு யானை வரும். டென்டுக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள் என்பதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடிப் பக்கம் தனியார் விடுதி ஒன்றின் டென்டில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றது. அந்த இடத்துக்கு உரிமம் இருந்ததா என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான் எழுந்தது. யானை எதிரில் வந்தால் என்ன செய்வது என்று யாராவது சூத்திரம் சொன்னால் நான் நம்புவதில்லை, 19 வருஷத்தில் ஒரே யானை இரண்டு நாள் இரண்டு விதமாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் என்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், இடம் விட்டுப் பின்னால் எடுப்பது, அவ்வளவுதான். காட்டுமாட்டைப் பசு மாதிரி நினைத்துப் பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு யானையைவிட அதிகப் பயம். வரையாடு ஒன்றும் செய்யாது. நீங்களும் அதற்குச் சிப்ஸ் போடாதீர்கள்.

அப்படியானால் எங்கேதான் தங்குவது? மீசைப்புலிமலை ஏற வேண்டும் என்றால் கேரள வனவளர்ச்சிக் கழகம் மூணாறு பக்கமிருந்து நடத்துகிற முகாம் இருக்கிறது. அவர்களுடைய டென்ட், அவர்களுடைய வழிகாட்டி, முன்பதிவு கட்டாயம். உங்கள் டென்டுக்கு அங்கே வேலை இல்லை. கொழுக்குமலையில் தோட்டத்தின் அனுமதியோடு தங்கும் ஏற்பாடும், சூரியநெல்லி சுற்றி நிறையத் தனியார் முகாம்களும் உண்டு. தனியார் இடத்தில் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். சொந்த டென்டில்தான் தூங்க வேண்டும், சொந்தக் காரில்தான் போக வேண்டும் என்று ஆசை தீரவில்லை என்றால் வட்டவடையை யோசியுங்கள். டாப் ஸ்டேஷன் தாண்டிப் பாம்பாடும்சோலைக்குள் ரோடு போகும், காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, சாயங்காலத்துக்குள் செக்போஸ்ட்டைக் கடந்துவிட வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினால் படிப்படியாகப் பூண்டு, கேரட், உருளை வயல். கோவிலூர், கொட்டாக்கொம்பூர் எல்லாம் தமிழ் பேசுகிற ஊர்கள். வீட்டோடு தங்க இடம் தருகிறவர்களிடம் "எங்க டென்டை உங்க நிலத்துல போட்டுக்கலாமாண்ணே" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பட்டா நிலத்தில், வீட்டுக்காரருக்குத் தெரிந்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். வீடியோவில் வராது, ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேகக் கடலுக்கு உத்தரவாதம் உண்டா என்றும் நினைப்பீர்கள். அதை யாராலும் தர முடியாது. முதல் நாள் மழை பெய்து, ராத்திரி வானம் திறந்து, காற்று அடங்கியிருந்தால் காலையில் போடிப் பள்ளத்தாக்கு நிரம்பி நிற்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணக்கு, அதுவும் பத்துக்கு ஆறு தடவை. மீதி நாலு தடவை மலையாளத்துக்காரர்கள் கோட என்று சொல்கிற வெள்ளை மூட்டம் நம்மையே மூடிவிடும், பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. மீசைப்புலிமலைதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டாவது உயரம் என்று போர்டு போட்டிருப்பார்கள். ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதில் தகராறு இல்லை. இதற்கு 2,640 என்கிறார்கள், தொட்டபெட்டா 2,637. மூன்று மீட்டர் வித்தியாசத்துக்குப் பந்தயம் கட்ட வேண்டாம்.

மழை வந்தால் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கலாம். புல்மேட்டில் இடி இடித்தால் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் டென்ட் பேச்சே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து இறங்கி லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். அங்கே புதைந்தவர்களில் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவர்களும் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

கடைசியாக, கூட வருகிற அப்பா. 2,400 மீட்டர் உயரத்தில் மலை நோய் பெரிய அளவில் வருவது அபூர்வம், 2,500க்கு மேல்தான் அது பற்றிக் கவலைப்படுவார்கள். வருகிற தலைவலி பெரும்பாலும் தூக்கமின்மையாலும் தண்ணீர் குடிக்காததாலும் வருவது. ஆனால் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேலே ஒன்று என்றால் ஜீப்பில் சூரியநெல்லி இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும், அங்கிருந்து மூணாறுக்கோ, போடி இறங்கித் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். சிக்னல் வரும், போகும். 112 மட்டும் எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் போகும். இன்சுலின் போடுகிறவர் என்றால் மருந்து உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுக்கலாம். முதுகுவலி, கழுத்துவலி, சமீபத்தில் ஆபரேஷன் எதுவும் இருந்தால் ஜீப்பில் ஏற்றவே வேண்டாம், உங்கள் கார் போகிற வட்டவடையே போதும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத்தான் அடி முழுக்க விழும். குண்டிக்குக் கீழே மடித்த கம்பளி ஒன்று போட்டு, பிடித்துக்கொள்ள முன் கம்பியைக் காட்டிவிட்டு, டிரைவரிடம் "பெரியவர் இருக்கார், மெதுவா போங்கண்ணே" என்று கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாதி மலையில் சொன்னால் காதில் விழாது, இன்ஜின் சத்தம் அப்படி.